காற்று வருமுன் கூரையைக் கட்டுவோம்

(கெடா, கோல மூடா வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் நடைபெற்ற கிளைக் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் கிளைச் செயலாளருமான ஒருவர் ஆற்றிய உரை)



இன்று சம்பளத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. ரப்பர் விலையைப் பற்றியும் பேசப் போவதில்லை. நம் தலைக்கு மேலே கிடக்கும் தகரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "தகரத்தைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா?" என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்களும் சிரித்தவர்கள்தாம். ஒரு சித்திரை மாதத்து மாலைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

அப்போது நாங்கள் வேறொரு தோட்டத்தில் இருந்தோம். பெயர் வேண்டாம். ஆறு வீடுகள் கொண்ட பழைய லயம். பிற்பகல் நான்கு மணி இருக்கும். ஸ்டோரில் பாலை நிறுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் சற்றுக் கண்ணயர்ந்திருந்தார்கள். ஜெராய் மலைப் பக்கம் வானம் கறுத்தது. காற்று வந்தது. இருபது நிமிடந்தான். கடைசி வீட்டின் மூலைத் தகரம் முதலில் படபடவென்று அடித்தது. பிறகு அதன் ஓரம் தூக்கிற்று. பிறகு பாயைச் சுருட்டுவதுபோல் மூன்று வீட்டுக் கூரையைச் சுருட்டி, ஆயாக் கொட்டகைக்கு அப்பால் கொண்டுபோய்ப் போட்டது. அரிசி நனைந்தது, மெத்தை நனைந்தது, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் நனைந்தது. கடைசி வீட்டுப் பெரியம்மாவின் கையைத் தகரம் கிழித்துவிட்டது. அந்தக் கை மறுபடியும் உளி பிடிக்க மூன்று மாதம் ஆயிற்று.

மறுநாள் ஆபீசில் பழுதுப் புத்தகத்தைத் திறந்தோம். "கடைசி வீடு. தகரம் ஆடுகிறது." மூன்று முறை எழுதப்பட்டிருந்தது. மூன்றுக்கும் எதிரே "கவனிக்கப்படும்" என்ற ஒரே சொல். எழுதியது யார் கை? எங்கள் கை. மேலே இருப்பவர் சொன்னார், கிராணி எழுதினார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பெரியம்மா மூன்றாவது முறை வந்து ஆபீஸ் ஜன்னல் ஓரத்தில் நின்றபோது, நடந்துபோய் அந்தத் தகரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்க எங்கள் கால்களுக்கு யாரும் விலங்கு போட்டிருக்கவில்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் இந்த மேடையில் பேச எங்களுக்கு உரிமை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று வீட்டைச் சுருட்டிய காற்று நான்காவது வீட்டோடு நின்றுவிட்டது. ஏன்? அங்கே இருந்தவர் ஒரு பழைய மண்டோர். கைமரம் ஒவ்வொன்றையும் தடித்த கம்பியால் உத்தரத்தோடு கட்டியிருந்தார். உத்தரத்தைத் தூணோடு கட்டியிருந்தார். அவர் அதைக் கட்டிய நாளில், "வீடு என்ன மாடா ஐயா, கட்டிப்போட?" என்று கேலி பேசினோம். "மாடு அவிழ்ந்து போனால் திரும்பி வரும் தம்பி, கூரை வராது" என்றார். அந்தச் சொல்லின் அர்த்தம் எங்களுக்கு விளங்க ஒரு புயற்காற்று வேண்டியிருந்தது.

தோழர்களே! "புயல் எல்லாம் நாகப்பட்டினத்துக்குத்தான், நமக்கு ஏது?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம் பாட்டன்மார் பலர் கப்பலேறிய அந்த நாகப்பட்டினக் கரையை 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் தாக்கியதும், தஞ்சைச் சீமையின் தென்னந்தோப்புகள் சாய்ந்ததும் நம் உறவினர் சொல்லக் கேட்டோம். அப்படிப்பட்ட பெரும்புயல் பூமியின் நடுக்கோட்டுக்கு அருகே உருவாவது மிக அபூர்வம் என்பது மெய்தான். அதற்கும் விலக்கு உண்டு. 2001 டிசம்பர் 27இல் வாமெய் என்ற புயல் ஜொகூர்க் கரையில் ஏறியது.

ஆனால் நம் வீட்டுக் கூரையைப் பிய்க்கப் பெரும்புயல் வரவேண்டியதில்லை. இங்கே இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடையிலான மாதங்களில், ஏப்ரல் மே சுற்றிலும், மறுபடி செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும், மாலை வேளைகளில் இடியோடு கூடிய காற்று வருகிறது. மலாக்கா நீரிணையில் கிளம்பி விடியற்காலையில் கரையை அடிக்கும் காற்றுக்கு மாலுமிகள் 'சுமத்திரா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கும் கெடாவும் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். பினாங்கில் மட்டும் ஏழு பேர் மாண்டார்கள். 2024 செப்டம்பரில் மறுபடியும் பலத்த காற்று வடபகுதியை அடித்தது. 18ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் ஒரு மரம் காரின்மேல் சாய்ந்து இருவர் இறந்தார்கள். அதே வாரத்தில் நம் கெடாவிலும் கூரைகள் பறந்தன.

நாகப்பட்டினத்துப் புயலுக்கு இரண்டு மூன்று நாள் முன்னறிவிப்பு உண்டு. நம் காற்றுக்கு அரை மணி நேர அவகாசம் கிடைத்தாலே பெரிது. மலேசிய வானிலை இலாகாவின் 'மைசுவாச்சா' செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். இடி மழை எச்சரிக்கை அதில் வரும். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் துணியை எடுக்கலாம், பிள்ளையைக் கூப்பிடலாம். கூரையைக் கட்ட முடியாது. கூரையைக் கட்டும் வேலை காற்றுக் காலத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பால் மரத்தைப் பாருங்கள். மாசி பங்குனியில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும்போது காற்று அதன் கிளைகளுக்கு ஊடே போய்விடுகிறது. மறுபடி தழைத்துத் தலை கனத்து நிற்கிற நேரம் பார்த்துச் சித்திரைக் காற்று வருகிறது. நிரை நிரையாக ஒடிந்து கிடப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எந்த வகை மரம் எந்த வட்டாரத்துக் காற்றைத் தாங்கும் என்று கணக்குப் பார்த்தே கன்று நடச் சொல்லி ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1970களிலேயே தோட்டங்களுக்கு யோசனை சொல்லியது. மரத்துக்குப் பார்த்த கணக்கை மனிதன் குடியிருக்கும் வீட்டுக்கும் பார்க்க வேண்டாமா?

அந்தக் கணக்கை எளிமையாகச் சொல்கிறோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 25 கிலோ பாரம் வைத்ததுபோல் தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் பலம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. கூரையின் மேலாக ஓடும் காற்று கூரையைக் கீழே அழுத்தும் என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். சரிவு குறைந்த தகரக் கூரையை அது பெரும்பாலும் மேலே உறிஞ்சி இழுக்கிறது. இரண்டு சதுர மீட்டர் உள்ள ஒரு தகரத்தின் எடை பத்துக் கிலோகூட இராது. அதை ஐம்பது கிலோ பலத்தோடு காற்று தூக்குகிறது. பிடித்துக்கொண்டிருப்பது என்ன? நாலைந்து ஆணி!

இந்த இழுப்பு எங்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. கூரையின் மூலையிலும் ஓரத்திலும் முகட்டிலுந்தான் அதிகம். அதனால்தான் லயத்தின் கடைசி வீடு முதலில் போகிறது. அது தலைவிதி அன்று, காற்றின் குணம்.

"போன வருஷக் காற்றுக்கே நின்ற கூரை இது, இந்த வருஷமும் நிற்கும்" என்று சொல்லாத ஆள் இல்லை. இதுதான் மிகவும் ஆபத்தான எண்ணம். ஆஸ்திரேலியாவில் டார்வின் என்ற ஊர் இருக்கிறது. 1974ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் டிரேசி என்ற புயல் அந்த ஊரின் பெரும்பாலான வீடுகளை அழித்துவிட்டது. பொறியாளர்கள் போய் ஆராய்ந்தார்கள். பல கூரைகளில் ஆணியும் திருகாணியும் சட்டத்தில் அப்படியே இருந்தன. தகரந்தான் ஆணியைச் சுற்றிக் கிழிந்து கழன்று போயிருந்தது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் பத்தாவது வளைப்பில் ஒடிகிறது அல்லவா? அதேபோல் காற்று விட்டு விட்டு அடிக்க அடிக்க, தகரம் மேலும் கீழும் அசைந்து ஆணியைச் சுற்றி விரிசல் கண்டுவிட்டது. அதன்பிறகு அந்நாட்டில் வீடு கட்டும் விதிகளையே மாற்றினார்கள். கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை இரும்பால் பிணைக்க வேண்டும் என்றார்கள். நம் பழைய மண்டோர் எந்தப் பொறியியல் பள்ளியிலும் படிக்காமல் செய்ததும் இதே காரியந்தான்.

ஆகவே, ஒரு காற்றுக்குத் தாங்கிய கூரை அந்தக் காற்றுக்கு முன்பு இருந்ததைவிடப் பலம் குறைந்த கூரை. இதை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி என்ன செய்வது?

முதலில் தகரம். துருப்பிடித்த ஆணியையும், தலை தூக்கிய ஆணியையும் அடித்து இறக்கினால் போதாது. மரம் காயக் காய வழவழப்பான ஆணி தளரும். முறுக்கு ஆணியோ திருகாணியோ ரப்பர் வாஷரோடு போட வேண்டும். தகரத்தின் பள்ளத்தில் அடிக்காமல் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் மழைத் தண்ணீர் ஆணித் துளை வழியே இறங்கிச் சட்டத்தை அழுகவைக்கும். மூலையிலும் ஓரத்திலும் முகட்டிலும் ஆணியை நெருக்கிப் போடுங்கள்.

இரண்டாவது, தகரம் தாங்கும் சட்டம். கரையான் தின்ற சட்டத்தில் எந்த ஆணி அடித்தும் பயன் இல்லை. உளி முனையால் குத்திப் பாருங்கள், பொதபொதவென்று இறங்கினால் அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, கட்டு. சட்டம் கைமரத்தோடு, கைமரம் உத்தரத்தோடு, உத்தரம் தூணோடு, தூண் தரையோடு. இந்த வரிசையில் ஓரிடம் விட்டாலும் காற்று அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடும். நாகம் பூசிய தடித்த கம்பியோ இரும்புப் பட்டையோ போதும். கூரைமேல் கல்லும் பழைய டயரும் தூக்கி வைப்பது கட்டு ஆகாது. பெரிய காற்றில் அந்தக் கல்லே யார் தலையிலாவது விழும்.

நான்காவது, அஞ்சடியும் ஒட்டுக் கொட்டகையும். குசினிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் வேண்டும் என்று நாமே நாலு தகரத்தை வீட்டுக் கூரையின் ஓரத்தில் சேர்த்து அடித்துவிடுகிறோம். காற்று அந்தத் தகரத்துக்கு அடியில் புகுந்து, அதைப் பிடியாக வைத்தே வீட்டுக் கூரையையும் பெயர்க்கிறது. சார்ப்பு தனித் தூணில் தனியாக நிற்கட்டும். போனால் அது மட்டும் போகட்டும். ஆஸ்ட்ரோ தட்டையும் கூரை ஓரத்தில் மாட்டாதீர்கள்.

ஐந்தாவது, கதவும் ஜன்னலும். காற்று வரும்போது ஜன்னலைத் திறந்துவிட்டால் வீடு தப்பும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், வெளிக்காற்று மேலிருந்து இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் கூரைக்கு விடுதலைதான்! எல்லாவற்றையும் சாத்தித் தாழ்ப்பாள் போடுங்கள்.

ஆறாவது, மரம். வீட்டுக்கும் மரத்துக்கும் உள்ள தூரத்தைவிட மரம் உயரமாக இருந்தால் அது வீட்டின்மேல் விழக்கூடிய மரம். பட்ட கிளையும் பொந்து விழுந்த அடிமரமும் உள்ளவற்றைக் குறித்து நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். நீங்களே ஏறி வெட்டப் போகாதீர்கள்.

"இவ்வளவுக்கும் பணம் யார் கொடுப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தோட்ட வீடு நிர்வாகத்தின் வீடு. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்து 1966ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990ஆம் ஆண்டில் வந்தது 446ஆம் சட்டம். கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. அனுமதி இல்லாமல் வீட்டை ஒட்டிக் கட்டக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. 2019இல் அது திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறைகளின் தொழிலாளர் தங்குமிடங்களுக்கும் விரிந்தது. நம் பக்கத்துக் கொங்சியில் தங்கியிருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இந்தோனேசியத் தோழருக்கும் கூரை கூரைதான். அவர்கள் வீட்டுப் பழுதையும் சேர்த்தே எழுதுவோம்.

வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுத்தில் கொடுங்கள். வீட்டு எண், தேதி, பழுது என்ன, எந்த மூலை என்று தெளிவாக எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுத்துச் சேருங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். நியாயமான காலத்துக்குள் வேலை நடக்காவிட்டால் அந்தப் பிரதியோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போவோம். கையில் தாள் இருந்தால்தான் பேச்சுக்குப் பலம்.

தோட்டத்தை விட்டுச் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் சொந்த வீடு வாங்கிப் போன தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கூரைக்கு நீங்களே நிர்வாகம். சாதாரணத் தீ காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால் புயற்காற்று நஷ்டத்துக்குப் பணம் கிடைக்காது. வீட்டுடைமைக் காப்புறுதியில் புயலும் வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா என்று இந்த வாரமே தாளை எடுத்துப் பாருங்கள்.

காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது கூரைமேல் ஏறாதீர்கள். ஜன்னல் ஓரம் நிற்காமல் வீட்டின் நடுப்பகுதியில் இருங்கள். காட்டில் இருக்கும்போது காற்றோ இடியோ வந்தால் வாளியைப் போட்டுவிட்டு மரத்தடியை விட்டு வெளியேறி, பத்திரமான கட்டடத்துக்குள் வாருங்கள். பால் நாளைக்கும் வடியும், உயிர் அப்படியன்று. ஓய்ந்தபின் அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாதீர்கள். மின்சார வாரியத்துக்கு 15454, உயிர் ஆபத்துக்கு 999. சுத்தம் செய்வதற்கு முன் சேதத்தைப் படம் பிடியுங்கள். பழைய வீடுகள் சிலவற்றில் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. உடைந்த துண்டைக் கூட்டிப் பெருக்கினால் கிளம்பும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து வையுங்கள். அப்புறப்படுத்தும் பொறுப்பை நிர்வாகத்திடம் விடுங்கள்.

முடிவாக ஒரு கோரிக்கை. பங்குனியில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை, லயத்துக்கு இருவர் வீதம் சேர்ந்து எல்லா வீட்டுக் கூரையையும் பார்ப்போம். கடைசி வீட்டிலிருந்து தொடங்குவோம். ஒரு தொழிலாளி, ஒரு கிராணி என்று சோடியாகப் போவோம். தொழிலாளியின் கண்ணும் கிராணியின் எழுத்தும் ஒன்றாகப் போனால் எந்தப் பழுதும் புத்தகத்துக்குள் தூங்காது. கம்பிக் கட்டு போன்ற சின்ன வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாகச் செய்துவிடலாம். சட்டம் மாற்றுவதும் தகரம் மாற்றுவதும் நிர்வாகத்தின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குவோம்.

கிராணிமார்களே! உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. பழுதுப் புத்தகத்தில் இனி "கவனிக்கப்படும்" என்று எழுதாதீர்கள். யார், எந்தத் தேதிக்குள் செய்வார் என்று கேட்டு எழுதுங்கள். பதில் கிடைக்காவிட்டால், பதில் கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். அந்தப் பெரியம்மாவுக்கு நாங்கள் பட்ட கடனை இந்த ஒரு வழியில்தான் கொஞ்சமாவது தீர்க்க முடியும் என்று நம்புகிறோம்.

ஒரு சுருள் கம்பியும் ஒரு ஏணியும் இப்போதே கிளை அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கடைசி வீட்டு வாசலில் கூடுவோம். வருபவர்கள் இங்கேயே பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம்.